மூன்று பேரிடம் ஒரு கைமாற்று

ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் குலுங்கி வந்த உடம்பு ஒரு குட்டித் தூக்கம் போட்டும் தெளியவில்லை. கல்முனை பஸ் நிலையத்தடியில் ஐம்பது ரூபாய்க்குப் பால் விடாத ஒரு பிளேன்ரீ குடித்தேன். சாயம் கடுமையாக இருந்தது, நல்லதாகப் போயிற்று.

யாழ்ப்பாணத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையில் வாலிபர் வேலைக்குப் பொறுப்பாக இருப்பவன் நான். இந்தக் கரையோரத்தில் எட்டுச் சிறு சபைகளின் வாலிபரை ஒரு கணக்கு ஆசிரியை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். எட்டும் ஒரே பிரிவுகூட இல்லையாம். ஒரு சபைக்குள் இருக்கிற பாடகர் குழுவையே கட்டி வைக்க முடியாமல் தவிக்கிறவன் நான், எப்படி நம்புவது? நேரில் பார்க்க வந்துவிட்டேன்.

அந்த ஆசிரியை, ஜெனிற்றா டீச்சர், வேனோடு வந்தார். வயது நாற்பது இருக்கும், நடை ஓட்டம் மாதிரி. வேனுக்குள்ளே, சவளக்கடை ஊரில் விதைப்பு வேலையை முடித்துக் குளித்த கையோடு வந்த இரண்டு பொடியன்கள். பாண்டிருப்பிலிருந்து கிற்றாரும் டோல்கி மேளமுமாக நான்கு பேர். ஓட்டுநர் நசீர் காக்கா, எல்லாருக்கும் அண்ணன் முறை, கல்முனைக்குடிக்காரர். போகிற இடம் திருக்கோவில் பக்கத்தில் ஒரு சிறு சபை, தெற்கே கிட்டத்தட்ட நாற்பது கிலோமீற்றர்.

வேன் சாய்ந்தமருதைத் தாண்டும்போது டீச்சர் சங்கதியைச் சொன்னார்.

"அங்க வாலிபர நடத்துறது சுகிர்தா எண்ட புள்ள, தம்பி. நேத்து ஃபோனில கோல் எடுத்தா. இண்டைக்குத்தான் கடைசிக் கூட்டமாம். இதோட நிப்பாட்டப் போறாவாம்."

அந்தக் குழுவில் ஒரு காலம் பதினைந்து பேர் இருந்தார்களாம். கட்டாருக்கும் கொழும்பில் துணி தைக்கிற காமென்றுகளுக்கும் ஒவ்வொருவராகப் போய், இப்போது மூன்று பேர்.

"பக்கத்துச் சபையோடு சேர்த்துவிடலாமே," என்றேன், பெரிய யோசனைக்காரன்போல.

"சேத்தா மூணு பேரும் பஸ் ஏறி வரணும். ரெண்டு மாசம் வருவாங்க. மறுகா வீட்டோட இருந்திருவாங்க."

நிந்தவூரில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. டோல்கி தானாகவே நின்றது, யாரும் சொல்லவில்லை. நசீர் காக்கா பள்ளிக்குள் போய்த் தொழுதுவிட்டு வரும்வரை பிள்ளைகள் சோளம் வாங்கித் தின்றார்கள். எனக்குத்தான் அது புதினம், அவர்களுக்கு அது வழமையான சனிக்கிழமை.

நான் முன் சீற்றுக்கு மாறினேன். இத்தனை பேரையும் டீச்சர் எதற்காகக் கொண்டுபோகிறார் என்று காக்காவிடம் கேட்டேன்.

"இவங்க கைமாத்து, தம்பி," என்றார்.

"கைமாற்றா?"

"ஓம். நாம அவசரத்துக்குக் காசு கைமாத்து வாங்குற இல்லையா, வட்டியில்லாம? இந்த டீச்சர் ஆக்களையே கைமாத்துக் குடுக்குறா. பாட்டுக்கு ஆள் இல்லாத சபைக்குப் பாட்டுக்காரன். கிறிஸ்மஸ் ஒளிவிழா நாடகத்துக்கு ஆள் காணாட்டி நாலு பேர். முடிஞ்சா திருப்பிக் குடுக்கணும். அல்லாஹ்தான் அறிவான், எத்தின பேர இப்பிடி நான் ஏத்தி இறக்கியிருப்பன் எண்டு."

எங்கள் ஊரில் ஒரு சபைப் பிள்ளை அடுத்த சபைக் கூட்டத்தில் தலை காட்டினாலே "எங்கட மந்தை ஆட்டைத் திருடிப்போட்டாங்கள்" என்று சண்டை வரும். இங்கே ஆட்டை அவர்களே வேனில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

ஐந்து மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்தோம். கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் தகரக் கூரை போட்ட சபைக் கோயில். சுகிர்தா முன்பள்ளி ஆசிரியை, இருபத்துமூன்று வயது. அவளோடு அவளுடைய தங்கையும் ஜோன்சன் என்ற மீன்காரப் பொடியனும். மூன்று பேரும் பயமில்லாமல் ஜெபித்தார்கள், வசனம் விளக்கினார்கள், பாட்டை எடுத்துக் கொடுத்தார்கள். ஒன்பது பிள்ளைகளும் பாடியதில் தகரம் அதிர்ந்தது.

முடிந்ததும் சுகிர்தா எழுந்தாள்.

"டீச்சர், ரெண்டு வருசமா உங்களிட்டக் கைமாத்து வாங்கி வாங்கியே நடத்தினம். திருப்பித் தர எங்களிட்ட ஆள் இல்ல. இனியும் வாங்க வெக்கமாக் கிடக்கு. விடுவம்." கடைசிச் சொல்லில் அழுதுவிட்டாள்.

ஆறுதல் சொல்வார், அழாதே என்பார் என்று எதிர்பார்த்தேன். டீச்சர் இரண்டையும் செய்யவில்லை.

"நான் இண்டைக்குத் தர வரல்ல மகள், கேட்டு வந்தன்," என்றார். "பாண்டிருப்பில முப்பது பேர் வாறாங்க. ஆராவது ஜெபிங்க எண்டா, ஆளுக்காள் முகத்தப் பாக்குறாங்க. நீங்க மூணு பேர், ஒளிக்க இடமில்ல. எல்லாத்தையும் மாறி மாறிச் செஞ்சு பழகியிருக்கீங்க. எனக்கு ஒராளக் கைமாத்துத் தாங்க."

பாண்டிருப்புப் பிள்ளைகள் தலையைக் குனிந்து சிரித்தார்கள். உண்மை சுட்டிருக்கும்.

"எங்களிட்டயா?" என்றாள் சுகிர்தா.

"ஓம். உங்களிட்டத்தான்."

மூன்று பேரும் வெளியே போய் மணலில் நின்று கதைத்தார்கள். காத்திருக்க முடியாமல் நான் டோல்கியைத் தட்டிப் பார்த்து, சவளக்கடைப் பொடியனிடம் முறைப்பு வாங்கினேன். ஒருவர் போனால் மிஞ்சுவது இரண்டு பேர். அவள் மறுத்தால் அதில் பிழை சொல்ல முடியாது.

உள்ளே வந்து, ஜோன்சனை அனுப்புவதாகச் சுகிர்தா சொன்னாள். வாலிபர் கூட்டம் தொடருமா இல்லையா என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இருட்டுகிற நேரம் வேனில் ஏறினோம். நசீர் காக்கா இயந்திரத்தை முடுக்கியபோது சுகிர்தா செருப்பில்லாமல் ஓடிவந்து டீச்சரின் ஜன்னலைப் பிடித்தாள்.

"டீச்சர், கைமாத்துத்தான் தாறம், சரியா? கிறிஸ்மசுக்கு முதல் ஆளத் திருப்பித் தந்திரணும். எங்களுக்கு இஞ்ச கரோலுக்குப் போக ஆள் வேணும்."

"தாறன் மகள்," என்றார் டீச்சர். ஜன்னலைப் பிடித்திருந்த கையை ஒரு தரம் தட்டிக்கொடுத்தார்.

அக்கரைப்பற்றுவரை நான் அவள் நின்ற பக்கமே பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு முன் "விடுவம்" என்று அழுதவள், இப்போது கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறாள்.