நெடி ஏறும் ஜன்னல்

பிரிக்பீல்ட்ஸில் நான் வாடகைக்கு இருக்கும் ஃபிளாட்டில், என் சமையலறை ஜன்னலும் பக்கத்து வீட்டு அக்காவின் ஜன்னலும் எதிரெதிரே இருக்கின்றன. டயர் கடை வேலை முடிந்து வந்து நான் சட்டையைக் கழற்றும் நேரத்தில் அவர் தாளிப்பார். காய்ந்த மிளகாய் எண்ணெயில் விழுந்ததும் அதன் நெடி என் வீட்டுக்குள் வரும். நான் இருமுவேன். புரையேறினால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்பார்கள். என்னை நினைத்தது அந்த மிளகாய்தான். வேறு யாரும் என் வீட்டுக்கு வருவதில்லை.

ஒருநாள் இருமல் கொஞ்சம் பலமாகிவிட்டது.

“தம்பி, நெடி ஏறிடுச்சா?” என்று அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

“ஆமாங்க்கா” என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். அவர் அதைக் குறையாக எடுத்துக்கொண்டார்.

“ஐயோ, முன்னாடியே சொல்லக்கூடாதா? இனிமே சாத்திட்டே செய்றேன் லா.”

திறந்தே இருக்கட்டும் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் ஜன்னலைச் சாத்திவிட்டார். அன்றிலிருந்து அந்த ஜன்னல் திறக்கவில்லை. லிஃப்டில் பார்க்கும்போது, “இப்ப பரவாயில்லையா தம்பி?” என்பார். தலையாட்டுவேன்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். அகராதி பார்த்துப் பழக்கமில்லை. ஆனாலும் இருமல்கூட இல்லாத வீட்டில் நெடி என்ற அந்தச் சொல்லே மனதில் சுற்றிக்கொண்டிருந்தது. மல்லிகைக்கு வாசம் என்கிறோம், மீனுக்குக் கவிச்சி என்கிறோம், மிளகாய் வறுத்தால் நெடி. நெடிய, நெடுக, நெடுஞ்சாலை எல்லாம் நீளத்தைச் சொல்லும் சொற்கள். நெடியும் அந்தக் குடும்பம்தானோ? வாசத்தை நாம் கிட்டே போய் முகர வேண்டும். நெடி தானாக நீண்டு வந்து நம்மைத் தேடிப் பிடிக்கும். சரியா தப்பா தெரியாது. ‘ஏறியது’ என்று வேறு சொல்கிறோம், யாரோ மாடிப்படி ஏறி வந்த மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை ரசம் வைக்கலாம் என்று இறங்கினேன். கடைச் சாப்பாட்டிலேயே காலம் போனதால் கை மறந்துவிட்டது. எண்ணெய் புகைந்த பிறகு ஒரு கைப்பிடி மிளகாயைப் போட்டுவிட்டேன். எனக்குக் கண்ணே தெரியவில்லை. எதிர்ப் பக்கம் தும்மல், பிறகு இருமல். ஜன்னல் படாரென்று திறந்தது.

“யாரு தம்பி என்னை இப்படி நெனைக்கிறது? என்னா சமையல்?”

“ரசங்க்கா.”

“ரசமா? நான் பொம்பாவுக்கு போன் பண்ணலாம்னு பாத்தேன்! தீயணைக்க வண்டி வந்திருக்கும்.”

“நெடி ஏறிடுச்சாங்க்கா?”

“ஏறாம? மண்டை வரைக்கும் ஏறிடுச்சு.”

அவர் கை ஜன்னலைச் சாத்தப் போனது.

“சாத்தாதீங்கக்கா” என்றேன். “நீங்க தாளிக்கறப்பவும்.”

“அப்புறம் இருமிக்கிட்டு கெடப்பியே?”

“பரவாயில்லைங்க்கா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அடுப்பை அணைக்கத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் சட்டையைக் கழற்றும்போது இருமல் வந்தது.