பட்டியலில் இல்லாத விரல்கள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் பக்கத்திலிருந்த சர்தார்ஜி என் கையிலிருந்த கண்ணாடி டம்ளரை வெடுக்கென்று பிடுங்கினார். "அரே பாய், ஹாத் ஜல் ரஹா ஹை!" கை வேகிறதாம். குனிந்து பார்த்தேன். ஆள்காட்டி விரலில் கொப்புளம் கிளம்பியிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கட்டுப் பிரித்த அன்று நடந்தது அது. நான் டெல்லியில் ஓர் அரசுப் பணிமனையில் டர்னர், இரும்பு கடைகிறவன். லேத் இயந்திரத்திலிருந்து சுருண்டு வந்த இரும்புச் சீவல் வலது மணிக்கட்டைக் கிழித்து மீடியன் நரம்பை (கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரலுக்கு உணர்வு கொண்டுபோகும் நரம்பு) அறுத்துவிட்டது. தைத்த டாக்டர், உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால் ஒன்று சொல்லிவைக்கிறேன். கை மரத்துப்போனால் மனசும் கூடவே மரத்துப்போகும். பயப்பட வேண்டாம். பயமே வராது என்பதுதான் வேடிக்கை. விபத்தைப் பற்றி யார் கேட்டாலும் பக்கத்து வீட்டுக்காரனுக்கு நடந்ததைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி எஸ்தர் நர்ஸ். கரோல் பாகில் எங்கள் ஒற்றை அறையில், தினமும் டூட்டிக்குக் கிளம்பும் முன் என் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டு, பஞ்சால் விரல்களைத் தடவுவாள்.

"தெரியுதா?"

"தெரியல."

ஒருநாள் பஞ்சை வீசியெறிந்தாள். "கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே! ஒரு தடவை அழுதுதான் தொலைங்களேன்."

"அழுகை வரமாட்டக்கு எஸ்தர். நான் என்ன செய்ய?"

அப்போதுதான் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். விரல் துண்டாகிப் போனால் எவ்வளவு பழுது என்று சட்டத்தில் பட்டியலே உண்டு. விரல் இருந்தும் உணர்வு இல்லையென்றால் அது பட்டியலில் கிடையாது. முன்பெல்லாம் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்று நிர்வாகம் ஒன்று சொல்லும், தொழிலாளி ஒன்று சொல்வான், வழக்கு இழுத்துக்கொண்டே கிடக்கும். புதுத் திருத்தம் அதை டாக்டரின் மதிப்பீட்டுக்கு விட்டுவிட்டது. எங்கள் மேனேஜருக்கு ஒரே நிம்மதி. "அச்சா ஹுவா, நல்லதாப் போச்சு, இனி இது டாக்டர் தலைவலி" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

எனக்கு விஷயம் எளிது. மெடிக்கல் போர்டு பழுதைக் கூட்டி எழுதினால் இழப்பீடும் வரும், ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலையும் வரும். குறைத்து எழுதினால் இந்தக் கையோடு மறுபடி லேத்துக்குப் போக வேண்டும்.

யூனியன் ராம்தயாள் வீட்டுக்கே வந்து பாடம் நடத்தினான். எங்கே குத்தினாலும் 'பதா நஹீ', தெரியவில்லை என்றே சொல்ல வேண்டுமாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நிஜமாகவே தெரியாதவனுக்கு எதற்கு ஐயா ஒத்திகை?

போர்டில் மூன்று டாக்டர்கள். நடுவிலிருந்த நரைத்த தலை அம்மாள் என்னைக் கண்ணை மூடச் சொன்னார்.

"யஹாங்?" இங்கே தெரிகிறதா?

"பதா நஹீ."

"யஹாங்?"

"பதா நஹீ."

மூன்றாவது தடவை கட்டைவிரலின் அடிப்பகுதியில் சுருக்கென்றது. சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கக்கூட நேரமில்லை, கை தானாகப் பின்னால் போய்விட்டது. கண்ணைத் திறந்தேன். அந்த அம்மாள் ஊசியைப் பிடித்தபடி புன்னகை செய்தார். "படியா, பிரமாதம்! நரம்புக்கு உயிர் வந்துகொண்டிருக்கிறது." பஞ்சுக்குத் தெரியாதது ஊசிக்குத் தெரிந்துவிட்டது (குத்தும் வலி முதலில் வருமாம், தொடுகை பிறகுதான்). குனிந்து எழுதினார்கள். பழுது குறைவு. சில மாதங்களில் பழையபடி லேத்துக்கே திரும்பலாம்.

லேத் என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்துவிட்டேன். வராந்தாவுக்கு வருவதற்குள் மணிக்கட்டில் இரும்பு ஏறியது, ரத்தம் சட்டையெல்லாம் நனைத்தது, யாரோ மெயின் சுவிட்சை அணைக்க ஓடியது, எல்லாம் அப்போதே நடப்பதுபோல வந்துவிட்டன. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"என்ன எழுதினாங்க? ஏங்க, சொல்லுங்களேன்!" வராந்தாவில் காத்திருந்த எஸ்தர் என் தோளை உலுக்கினாள்.

வலது கையை இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"எஸ்தர், எனக்குக் கையில அடிபட்டுட்டு."

அவள் போர்டைப் பற்றி அப்புறம் கேட்கவில்லை. கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள். "ரொம்ப வலிக்கா?"