அக்கா போய்ப் பார்த்த ஆறு

அக்கா சர்வேசுரனிடம் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. காலையில் பூசை கண்டுவிட்டு இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவிடம் படித்த பெண்களுக்கும், அவருடைய தங்கை நான் எழுதுகிறேன். இரண்டு முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மூன்றாம் முறை என் மகள்தான் காகிதத்தை எடுத்து முன்னால் வைத்தாள்.

அக்கா பிறந்தது ரெட்டியார்பாளையத்தில். எனக்கு ஒன்பது வயது மூத்தவர். புதுச்சேரிப் பட்டணத்தில் தங்கிப் படித்து, பதினெட்டு வயதில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியை ஆனார். அவருடைய முதல் வகுப்பில் நானும் ஒரு மாணவி. ஆசிரியைகளை நாங்கள் மாம்செல் என்று கூப்பிடுவோம். "வூட்லதான் அக்கா. இங்க மாம்செல், தெரிதா?" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் பூகோளப் பாடத்தில், ஆறு எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டார். கடலை நோக்கி என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மட்டும், "அரியாங்குப்பத்து ஆறு கடல்லேர்ந்து உள்ள வருது மாம்செல்" என்றேன். முந்தின ஞாயிறு அப்பாவோடு அங்கே போயிருந்தபோது கண்ணால் பார்த்திருந்தேன். வகுப்பே சிரித்தது. தங்கைக்குச் சலுகை என்று பேச்சு வரக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அக்கா என்னை வாசல் மணலில் முட்டி போடவைத்தார். பள்ளியை விடும்வரை தோழிகளுக்கு நான் ‘தலைகீழு’. அன்றிலிருந்து புத்தகத்தில் இல்லாத ஒரு சொல் என் வாயிலிருந்து வந்ததில்லை. நல்ல மாணவி என்று பெயரும் எடுத்தேன்.

அப்பா காலமானபின் வீடு அக்காவின் தோளில் விழுந்தது. தான் கலியாணம் செய்துகொள்ளாமல் எனக்குச் செய்துவைத்தார். என் கணவர் சைகோனுக்கு உத்தியோகம் போன பிறகு, எனக்கும் மகளுக்கும் அவர்தான் துணை.

நாற்பத்தைந்து வயது தாண்டியபின் அக்கா மறுபடி படிக்கப் போனார். பள்ளிக்கு விடுமுறையான வியாழக்கிழமைகளில் ஆசிரியைகளுக்காக நடந்த வகுப்பு அது. கூட வேலை செய்த ஓர் அம்மாள், "இந்த வயசுல படிச்சி கவர்னரா ஆவப்போறீங்க?" என்று கேட்டாராம். "ஆவறேன். மொத வேலையா ஒங்கள முட்டி போட வைக்கறேன்" என்று அக்கா சொன்னாராம். பிறகு அந்த அம்மாளும் வகுப்பில் சேர்ந்தார்.

ஒரு வியாழன் அங்கே ஒரு வேலை கொடுத்தார்கள். வருஷா வருஷம் நடத்தும் பாடத்திலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்து, அது உண்மைதானா என்று நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும். சுலபமானது என்று அக்கா ஆற்றின் வரியை எடுத்தார். அந்த அம்மாளோடு அரியாங்குப்பம் போய்க் கரையில் நின்றார். கடல் ஏறி, தண்ணீர் ஆற்றுக்குள் புகும் நேரம். ஒரு தென்னமட்டை கடல் பக்கமிருந்து மெல்ல மிதந்து வந்து, இவர்களைத் தாண்டி மேற்கே போயிற்றாம்.

அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தார். சேலைக் கரையெல்லாம் சேறு.

"ஏய் தலைகீழு, நீ சொன்னது சரிடி."

"எது?"

"ஆறு."

"முப்பது வருஷம் கழிச்சா வந்து சொல்ற?" என்றேன். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அதன்பின் அக்காவின் வகுப்பு மாறிவிட்டது. பிள்ளைகளின் தப்பை அவர் சிவப்புக் கோடு போட்டு அடிப்பதில்லை. ஏன் அப்படி நினைத்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னதைத் தனி நோட்டில் எழுதிக்கொள்வார். வியாழன்தோறும் அந்த நோட்டை மற்ற ஆசிரியைகளோடு சேர்ந்து படித்து, அடுத்த வாரப் பாடத்தை அதற்கேற்ப மாற்றுவார். கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது, என் மகள் அந்த வகுப்புக்குப் போகும்வரை.

ஆரம்பப் பள்ளி முடிவில் எழுதும் செர்த்திபிக்கா பரீட்சைக்கு ஒரு வருஷம் சொச்சம்தான் இருந்தது. மகளின் நோட்டில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. தப்பான கணக்கின் கீழே ‘எப்படி வந்தது?’ என்று மட்டும் எழுதியிருந்தது. தேறாவிட்டால் சைகோனுக்கு என்ன எழுதுவேன்? அக்காவிடம் சொல்லாமலே பள்ளித் தலைவியைப் பார்த்து, மகளை வேறு வகுப்புக்கு மாற்றிவிட்டேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதிவிட்டேன்.

அன்று சாயங்காலமே அக்கா வந்தார். கோபம் இல்லை.

"புள்ள பயப்படறாளா, நீ பயப்படறியா?"

"நான்தான்க்கா."

"அது நான் குடுத்த பயம்டி. மணல்ல முட்டி போட வச்சேனே, அன்னிக்கிக் குடுத்தது. எந்தப் படிப்பு படிச்சும் ஒங்கிட்டேர்ந்து அத எடுக்கத் தெரியல" என்றார்.

அதற்குப் பின் மூன்று மாதம்தான். காய்ச்சல் வந்து படுத்தார். கடைசி வாரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுந்து வாக்கா, புள்ளய ஒன் வகுப்புலயே வுடறேன்" என்றேன். "நான் இல்லன்னாலும் வுடு. நோட்ட அவங்ககிட்ட குடுத்துட்டேன்" என்றார். ‘கவர்னர்’ என்று கேலி செய்த அந்த அம்மாளைத்தான் சொன்னார்.

மகள் இன்று அந்த அம்மாளின் வகுப்பில் இருக்கிறாள். அடுத்த மாதம் பரீட்சை. வகுப்போடு போய் ஆற்றைப் பார்த்து வந்திருந்தவள், முந்தாநாள் சாப்பிடும்போது, "அம்மா, ஆறு எந்தப் பக்கம் ஓடும்னு கேட்டா எத எழுதட்டும்?" என்றாள். புத்தகத்தில் உள்ளதை எழுது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முழங்காலில் மணல் உறுத்துவதுபோல் இருந்தது.

"புத்தகத்துல இருக்கறத எழுது. அதுக்குக் கீழ நீ பாத்தத எழுது" என்றேன்.

பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன்.

அக்காவுக்கு இரவு பகல் பாராமல் வைத்தியம் பார்த்த டாக்டர் ஐயாவுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், அந்த நோட்டில் இன்றும் எழுதிவரும் வியாழக்கிழமை ஆசிரியைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த மலரை வாங்கிக்கொண்டு அரியாங்குப்பம் பக்கம் திரும்பிப் போகிறவர்கள், ஆற்றைக் கடக்கும்போது ஒரு நிமிஷம் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பார்த்ததை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.