தையலுக்கு விடாத துணி

மாமாவின் வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் புண்ணுக்கு வயது நான்கு மாதம். சர்க்கரைக்காரர். செருப்பாணி குத்தியதுகூடத் தெரியாமல் நாளெல்லாம் தையல் மெஷின் மிதித்தவர். இந்த மாதமும் மூடாவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். விரல் போனால் மிதி போச்சு, மிதி போனால் கடை போச்சு என்று அத்தை புலம்புகிறாள்.

புண்ணில் ஒட்டுவது பஞ்சும் துணியும் அல்ல. ரப்பர் போல வளைகிற ஒரு பாலிமர் பட்டை. கசியும் நீரைக் குடித்து உள்ளே கூழாகி, புண்ணைக் காயவிடாமல் வைத்திருக்கும். "ஆறு நாள் விட்டாத்தான் ஆறும்" என்பார் நர்ஸ். எட்டு வாரமாக ஒரு பட்டையும் மூன்று நாள் தாண்டவில்லை.

இன்று நான் மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தபோதும் ஓரம் சுருண்டு, கூழ் வெளியே வழிந்திருந்தது. சுற்றியிருந்த தோல் ஊறி வெளுத்திருந்தது.

"தண்ணி பட்டுதா அண்ணே?"

"ஒரு சொட்டு படல சிஸ்டர்."

"நடந்தீங்களா?"

"எங்க நடந்தேன்? மெஷின் மிதிச்சதோட சரி."

"அது கணக்குல வராதாக்கும்!"

எப்போதும் உரித்ததும் குப்பையில் போடுகிற நர்ஸ், இன்று பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் ஒட்டினது இவ்ளோ சின்னது இல்லையே. யாரு வெட்டினது?"

"நான்தான்" என்றார் மாமா, கொஞ்சம் பெருமையாகவே. "புண்ணு இத்துனூண்டு. நீங்க கர்ச்சீப் அளவுக்கு ஒட்டுறீங்க. வீணாத் தொங்குதேன்னு அளவா நறுக்கிட்டேன்."

"எப்பலேர்ந்து?"

"மொதப் பட்டையிலேர்ந்தே."

போன வாரம் அவர் கத்தரிக்கோலும் காலுமாய் இருந்ததை நானும் பார்த்தேன். நர்ஸ் சொல்லித்தான் வெட்டுகிறார் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் கையுறையைக் கழற்றி வீசினார். "எட்டு வாரமா என்மேலதான் தப்போன்னு மண்டையை உடைச்சுக்கிறேன்! சுத்தி நல்ல தோலை ரெண்டு விரல் அகலம் பிடிச்சாத்தானே அது நிக்கும்? சட்டை தைக்கறப்ப தையலுக்குத் துணி விடாம வெட்டுவீங்களா?"

மாமா தனக்கே சொல்வதுபோல, "பிரிஞ்சிடும்" என்றார்.

"பிரிஞ்சுதுல்ல?"

நர்ஸ் வேறு கையுறை போட்டுக்கொண்டு, புதிய பட்டையை அகலமாக ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சூடு பட்டால் நன்றாக ஒட்டுமாம். இனி மெஷினைத் தொடவே கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த மாமா ஒரே ஒரு முறைதான் பேசினார். "முப்பது வருஷம். ஒருத்தன் சட்டையும் தையல் விட்டதில்லடா."

வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை அத்தையிடம் கொடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார். அத்தை காலண்டரைப் பார்த்தாள். டாக்டர் குறித்த தேதிக்கு இன்னும் பதினோரு நாள். ஆறு நாளைக்கு ஒரு பட்டை என்றால், இரண்டுகூட முழுசாக வராது.