இல்லாத பதிப்பு

அந்த நாடகத்தின் பெயரைக் கேட்டாலே வேரோனிக்காவுக்குத் தலையிடி தொடங்கிவிடும்.

யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடப் பள்ளியில் ஆங்கிலம் படிப்பித்தவள் அவள். ரொறன்ரோவுக்கு வந்தபின் எம்.ஏ. முடித்து, பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். அச்சுக்கலையின் தொடக்க காலத்தில் அச்சான ஆங்கில நாடகங்கள் அத்தனைக்கும் நூல்விவரப் பட்டியல் எழுதும் வேலை. எந்த ஆண்டில், எந்த அச்சகத்தில் அச்சானது, எத்தனை தாள், மிஞ்சிய பிரதிகள் எந்தெந்த நூலகத்தில் கிடக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். திட்டத்தை நடத்தியவர் பேராசிரியர் வின்டில் என்ற வயதான அம்மையார்.

1992இல் அவள் கைக்கு வந்தது, மா அரைக்கும் ஆலைக்காரன் ஒருவனின் மனைவியைப் பற்றிய பழைய சிரிப்பு நாடகம். 1654இல் அச்சான பிரதிகள் சில நூலகங்களில் இருந்தன. அதற்கு முன்னரே, 1634இலும் ஒருமுறை அச்சானதாகப் பழைய நாடகப் பட்டியல் கையேடுகள் எல்லாம் சொல்லின. ஆனால் அந்தப் பதிப்பு எங்கே இருக்கிறதென்று ஒன்றும் சொல்லவில்லை.

நூலகங்களுக்கு எழுதினாள். மைக்ரோஃபில்ம் சுருளைச் சுழற்றிச் சுழற்றிக் கண் எரிந்தது. வந்த பதில் எல்லாம் ஒன்றுதான்: எங்களிடம் இருப்பது 1654. ஸ்காபரோவுக்குத் திரும்பும் பஸ்ஸில் கண்ணை மூடினாலும் கறுப்பு எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன.

மூன்றாவது வருடம், கையேடுகளையே ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தொடர்ந்து பார்த்தாள். ஒன்றைப் பார்த்து மற்றது எழுதியிருந்தது. கடைசியில் எல்லாம் ஒரு பழைய புத்தகச் சேகரிப்பாளரிடம் போய் நின்றன. அவருடைய பிரதி இங்கிலாந்தில் ஒரு சிறிய நகர நூலகத்தில் இருந்தது. கேட்டதும் முகப்புப் பக்கத்தின் படத்தை அனுப்பினார்கள். ஆண்டில் மூன்றாவது இலக்கம் சரியாக மை பிடிக்கவில்லை. ஐந்தின் தலை உடைந்து மூன்றுபோலக் கிடந்தது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்துவிட்டாள். மிசிசாகாவில் விமான நிலைய வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்த கணவன் யோசப் தேத்தண்ணி கொண்டுவந்தான்.

"என்னப்பா, கிடைச்சுதோ?"

"இல்லை எண்டு கிடைச்சுது."

"விளங்கேல்லை."

"அப்பிடி ஒரு பதிப்பே இல்லை. ஐஞ்சை மூண்டெண்டு வாசிச்சுப்போட்டான் ஒருத்தன். மற்றவையெல்லாம் அதைப் பாத்து எழுதியிருக்கினம்."

யோசப் கோப்பையை அவள் கையில் கொடுத்தான். "அப்ப வேலை முடிஞ்சுது தானே?"

முடியவில்லை. திட்டத்தில் இருந்த இன்னொரு பேராசிரியர், உடைந்தது ஐந்தென்று எப்படித் தெரியும், மூன்றாகவே இருக்கலாமே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதுதான் அவளை இன்னும் களைப்படையச் செய்தது. முழுப் புத்தகத்தின் படச்சுருளையும் எடுப்பித்து, 1654 பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட்டாள். ஒரு பனிக்காலம் முழுக்க அதிலேயே போனது. தலைகீழாகக் கோத்த அதே எழுத்து, அதே இடத்தில் சரிந்த வரி, ஒரே மாதிரி வளைந்த கோடு. இரண்டும் ஒரே அச்சுக்கோப்பு; கோத்த எழுத்தை அச்சகங்கள் உடனே கலைத்துவிடும், இருபது வருடம் வைத்திருக்காது. அதற்குமேல் எவராலும் மறுக்க முடியவில்லை.

கூட்டத்தில் வின்டில் அம்மையார் பேனையை எடுத்து 1634 என்ற பதிவை அடித்துவிட்டார். எழுந்து வந்து வேரோனிக்காவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அதற்கு ஒரு அடிக்குறிப்பாவது போடலாமா என்று அவள் கேட்டாள். பார்ப்போம் என்றார்.

1998இல் அந்த நாடகம் இடம்பெற்ற பட்டியல் தொகுதி வெளிவந்தது. அடிக்குறிப்பு இல்லை. யோசப் பக்கங்களைப் புரட்டினான்.

"உன்ர மூண்டு நாலு வருசம் எங்கையப்பா இதுக்குள்ள?"

"தேடாதையுங்கோ. 1634 எண்டு இருந்தால்தான் பிழை."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும்தான். இரண்டு கிழமை லீவு கேட்டாள், கொடுத்தார்கள். முதல் நாள் விடிந்து வெகுநேரமாகியும் அவள் எழும்பவில்லை. யோசப் பயந்துபோய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். காய்ச்சல் இல்லை, நல்ல நித்திரை. திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான்.