சத்தம் குடுக்காத கண்டக்டர்

சுப்புத்தாய்க்கு வீட்டில் தூக்கம் வராது, பஸ்ஸில்தான் வரும். இடைசெவலில் ஏறி உட்கார்ந்தால் போதும், மடியில் உளுந்து மூட்டை இருந்தாலும் சரி, உரச் சாக்கு இருந்தாலும் சரி, ஊர் எல்லை தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிடும். அதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய்வாள். கண்டக்டரைப் பார்த்து, "எய்யா, கோயில்பட்டி வந்தா ஒரு சத்தம் குடு" என்பாள். அதோடு இறங்குகிற பொறுப்பு அவளுடையது இல்லை, கண்டக்டருடையது.

அவரும் கொடுப்பார். விசிலைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, "ஏ சித்தீ! கோய்ல்பட்டீ! எந்தி, எந்தி! வண்டி டிப்போவுக்குப் போவுது, அங்கன கட்டில் போட்டுத் தரவா?"

"போடேன். தலவாணியும் சேத்துப் போடு" என்று கண்ணைத் திறக்காமலே பதில் சொல்லி இறங்குவாள்.

புருஷன் சங்கரபாண்டிக்கு நாலு ஏக்கர் கரிசலை விட்டால் வேறு உலகம் கிடையாது. பஸ்ஸில் ஏறினால் குமட்டும். அதனால் பேங்க், தாலுகா ஆபீஸ், கமிஷன் கடை என்று வெளி வேலை எல்லாம் சுப்புத்தாய் தலையில்தான். மகள் பானுவை கோவில்பட்டியில் பள்ளிக்கூடத்திலும் திருநெல்வேலியில் காலேஜிலும் சேர்த்தது அவள். கல்யாணத்துக்கு நூறு பத்திரிகைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவளே. எல்லாம் பஸ்ஸில். ஒரு நாள்கூட ஊர் தவறி இறங்கியதில்லை.

அந்த பானுவுக்குத்தான் இப்போது தலைப்பிரசவம். பிரான்ஸில், பெசான்சோன் என்கிற ஊரில். மாப்பிள்ளை ஹரிஹரசுதனுக்கு அங்கே யூனிவர்சிட்டியில் வேலை. கார் கிடையாது. "இங்க எதுக்கு அத்தை காரு? டிராமும் ரயிலும் இருக்கு" என்பார். பிள்ளை அம்மா வீட்டுக்கு வர முடியாததால் அம்மா பிள்ளை வீட்டுக்குப் புறப்பட்டாள். புறப்படும்போது போனில் வாக்குக் கொடுத்திருந்தாள்: "வலி வாற நேரம் நான் உன் தலைமாட்டுல நிப்பேன் தாயி. நீ பயப்படாத."

விமானம் லியோனில் இறங்கியபோது மாப்பிள்ளை வரவில்லை. அவருடைய சிநேகிதன் கிருஷ்ணராஜ் நின்றான், சாத்தூர்ப் பையன். "அம்மா, பானுவுக்கு ராத்திரியே வலி எடுத்துட்டு. அவன் ஆஸ்பத்திரிய விட்டு நகர முடியாது. நீங்க பெசான்சோன்ல இறங்குங்க, அங்க ஆள் நிக்கும்" என்று சொல்லி, ரயிலேற்றி, பையை மேலே தூக்கி வைத்துவிட்டு ஓடிவிட்டான். இந்த ஊர் ரயில் கதவு யாருக்காகவும் காத்திருக்காதாம்.

ரயில் கிளம்பியது. சத்தமே இல்லை. முறுக்கு, டீ, காபி என்று ஒரு குரல் இல்லை. பக்கத்துச் சீட்டுக்காரர் இருமினால்கூட மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருமினார்.

தொப்பி போட்ட ஒரு பெண் டிக்கெட் பார்க்க வந்தாள். "போன்ழூர் மதாம்" என்று குயில் மாதிரி குழைந்தாள். சுப்புத்தாய் போனிலிருந்த டிக்கெட்டைக் காட்டிவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் மெதுவாக, அழுத்தமாக உச்சரித்தாள்.

"தாயி, பெசான்சோன். வந்தா ஒரு சத்தம் குடு, என்ன?"

தொப்பிக்காரி டிக்கெட்டைப் பார்த்தாள், "பெசான்சோன், உய்" என்று சிரித்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். சுப்புத்தாய்க்கு நிம்மதி. பொறுப்பைக் கைமாற்றிவிட்டாள்.

ஆனால் தூக்கம் வரவில்லை. வெளியே பச்சை பச்சையாக ஓடியது. இன்னும் வேகமாகப் போ என்று மனசுக்குள் ரயிலை விரட்டினாள்.

போன் அடித்தது. மாப்பிள்ளை. பின்னால் பானு அலறுவது கேட்டது.

"அத்தை, எங்க வாறீங்க?"

"வண்டி போய்க்கிட்டே இருக்கு மாப்ளே. அவ என்ன செய்யுதா?"

"நேரம் நெருங்கிட்டுன்னு சொல்லுதாவ. உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

அந்த நேரம் ரயில் நின்றது. கோயில் மைக்கில் காணாமல் போன பிள்ளையின் அடையாளம் சொல்வது மாதிரி ஒரு பெண் குரல் என்னவோ கொஞ்சிவிட்டு ஓய்ந்தது. சுப்புத்தாய் ஒரு காதில் மகளையும் மறு காதில் கண்டக்டர் சத்தத்தையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மரங்களும் வயல்களும்தான். ஊர் என்று ஒன்றும் தெரியவில்லை. நாலைந்து பேர் இறங்கினார்கள். யாரும் கத்தவில்லை. கதவு மூடியது.

ரயில் நகரும்போது ஒரு பலகை ஜன்னலைக் கடந்தது. பஸ் போர்டு படிக்கத் தெரிந்த கண் எழுத்துக் கூட்டியது. பி, ஈ, எஸ், ஏ…

"எம்மா!" சுப்புத்தாய் எழுந்தே விட்டாள். "ஏய், நிப்பாட்டு! ஆள் இறங்கணும்! ஹோல்டேன், ஹோல்டேன்!"

கதவுப் பக்கம் ஓடி, பஸ் தகரத்தில் தட்டுகிற மாதிரி உள்ளங்கையால் படபடவென்று சுவரைத் தட்டினாள். ரயில் கேட்கவா போகிறது? வயல்கள் வேகமெடுத்தன. கதவுக்கு மேலே சிவப்பாக ஒரு கைப்பிடி தெரிந்தது. படிப்பில்லாமலே விளங்கியது, நம்மூர் ரயில் சங்கிலி மாதிரி. கை மேலே போனது.

தொப்பிக்காரி ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தாள். "நோன், மதாம், நோன்!"

"நீதான சத்தம் குடுக்கேன்னு தலைய ஆட்டுன? ஏன் குடுக்கல? சொல்லு!"

தொப்பிக்காரிக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. சுப்புத்தாய் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். மாப்பிள்ளையும் தொப்பிக்காரியும் படபடவென்று பிரெஞ்சில் பேசினார்கள். கேட்கக் கேட்கத் தொப்பிக்காரியின் முகம் வெளிறியது. "ஓ லா லா" என்று தலையில் கை வைத்தாள்.

"அத்தை, தப்பு என்மேலதான். அந்த ஸ்டேஷன் ஊருக்கு வெளிய, நம்ம பைபாஸ் மாதிரி. சொல்ல மறந்துட்டேன். இவிய நிறுத்த மாட்டாவ. அடுத்த ஸ்டேஷன்ல இறக்கி, எதிர்வண்டில ஏத்திவிடுதேன்னு சொல்லுதா."

"அதுக்குள்ள…"

போனில் பானு மறுபடி அலறினாள்.

ரயில் பறந்தது. ஒவ்வொரு நொடியும் மகளிடமிருந்து தூரமாகக் கொண்டுபோனது. சுப்புத்தாய் கதவோரம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"போனை அவ காதுல வையிங்க மாப்ளே."

மூச்சிரைப்பு கேட்டது. பிறகு குரல். "எம்மா… எங்கன இருக்க?"

சுப்புத்தாய் வெளியே ஓடுகிற வயலைப் பார்த்தாள். "இங்கனதான் தாயி. வாசல்லதான் நிக்கேன். உள்ள விட மாட்டேங்காவ."

"என்னால முடியலம்மா."

"முடியும்ட்டி! மூச்ச உள்ள இழு. வாய மூடு, கத்தாத, கத்துனா சக்தியெல்லாம் வெளிய போயிரும். இப்ப முக்கு. முக்குட்டி, என் ராசாத்தி! விட்டுராத, விட்டுராத!"

மூச்சுக்கூட விடாமல் வந்த பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பல்லைக் கடித்து, முஷ்டியை இறுக்கி, தானே பெறுகிற மாதிரி சுப்புத்தாயும் முக்கினாள். தொப்பிக்காரி எதிரே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். எந்த மொழியானால் என்ன, அவளுக்கும் விளங்கிவிட்டது. "அல்லே, அல்லே" என்று போனைப் பார்த்து அவளும் விரட்டினாள்.

"இன்னொரு தடவ தாயி! ஒரே ஒரு தடவ!"

பானுவின் குரல் கிழிந்தது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. சுப்புத்தாய் போனைக் காதில் அழுத்தினாள். இணைப்பு போய்விட்டதா? "மாப்ளே? மாப்ளே!"

வீல் என்று ஒரு அழுகை.

தொப்பிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் யாரோ கை தட்டினார்கள். சுப்புத்தாயின் கண்ணைக் கண்ணீர் மறைத்தது.

"எம்மா," பானு களைத்துப்போய்ச் சிரித்தாள், "பொட்டப்புள்ளம்மா. உன்ன மாதிரியே கத்துதா. உள்ள வா, பாரு."

ரயில் வேகம் குறைந்து, பெயர் தெரியாத ஊரில் நின்றது. கதவு திறந்தது. பிளாட்பாரத்தில் ஈ காக்கை இல்லை.

"இந்தா வாரேன் தாயி" என்றாள் சுப்புத்தாய். "வாசல்ல ஒரே கூட்டமா இருக்கு."