கூம்புச் சிப்பியின் உடைந்த விளிம்பு

ஸ்வீடனில் சிலர் 'ஆம்' என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. உதட்டைக் குவித்து 'ஷுப்' என்று மூச்சை உள்ளே இழுக்கிறார்கள். போன புதிதில், "இந்தச் சிப்பிகளை நானே எடுத்துப் பார்க்கலாமா?" என்று என் ஆய்வுத் தலைவி இங்ரிட்டிடம் கேட்டேன். "ஷுப்" என்றார். தகாததைக் கேட்டுவிட்டோம் என்று பயந்து மன்னிப்புக் கேட்டேன். எதற்கு மன்னிப்பு என்று அவருக்குப் புரியவில்லை.

அந்தச் சிப்பிகளின் பெயர் ஹையோலித். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வாழ்ந்த உயிர்கள். ஐஸ்கிரீம் கோன் போல ஓர் ஓடு, அதற்கு ஒரு மூடி. எங்களுடையவை கடுகைவிடச் சிறியவை. கிரீன்லாந்துச் சுண்ணாம்புக் கல்லை அமிலத்தில் கரைத்து, கரையாமல் மிஞ்சிய துகள்களிலிருந்து மாதக்கணக்கில் உட்கார்ந்து இங்ரிட் பொறுக்கியெடுத்தவை. இந்த வகையில் அவருக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று. ஓடு உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை.

சென்ற ஆண்டு தங்கையின் கல்யாணத்துக்காக மயிலாப்பூர் வந்தேன். அப்போது ஸ்வீடனில் எங்கள் மின்னணு நுண்ணோக்கி பழுதாகிக் கிடந்தது. அடையாறில் ஓர் ஆய்வகத்தில் அதே கருவியை இயக்குகிறவன் என் கல்லூரி நண்பன் பஷீர். இங்ரிட்டின் அனுமதியோடு மூன்று சிப்பிகளையும் அவனிடம் கொண்டுபோனேன். கருவி அறைக்கு வெளியே, ஈரத் தூரிகை நுனியால் அவற்றைத் தட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். வியர்வை கொட்டியது. பாவம் பார்த்து பஷீர் மின்விசிறியைப் போட்டுவிட்டான்.

இரண்டு ஒட்டியிருந்தன. மூன்றாவதைக் காணவில்லை.

இங்ரிட்டிடம் என்ன சொல்வேன்? இருவரும் மண்டியிட்டுத் தேடினோம். அறையைச் சுத்தம் செய்ய வந்த எல்லம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா தேடிக்கினு கீறீங்க?"

"சின்ன சிப்பி, அக்கா. கடுகைவிடச் சின்னது" என்றேன்.

"அப்டியே குந்துங்க, கால நகத்தாதீங்க. பெருக்குனா பறந்துபூடும். ஈரத்துணி போட்டா ஒட்டிக்கும்."

தரையை அங்குலம் அங்குலமாக ஒற்றியெடுத்தார். துணியைக் கிண்ணத்து நீரில் அலசி, அடியில் படிந்ததைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தோம். மணல், முடி, எறும்பின் கால். நான்காவது அலசலில் அது கிடைத்தது. முனை உடைந்திருந்தது. இருந்தாலும் கிடைத்துவிட்டது.

உடனே இங்ரிட்டை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "உடைந்த இடத்தையே படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"ஷுப்."

பஷீரின் முகம் வெளுத்தது. "இன்னா மச்சி, அந்தம்மா அழுவுறாங்களா?"

"இல்லடா, சரின்னு சொல்றாங்க" என்றேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

திரையில் தெரிந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. துடைப்பக் குச்சிகளைக் கட்டியதுபோல நுண்ணிய இழைக் கட்டுகள். உள்ளடுக்கில் அவை நீளவாக்கில் ஓடின, வெளியடுக்கில் குறுக்காக. முழு ஓட்டில் இந்த அடுக்குகள் கண்ணில் பட்டிருக்காது. எல்லம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். "இம்மாத்தூண்டுக்குள்ள இம்மாம் வேலையா!" என்று திரைக்கருகே குனிந்தார்.

அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு பருத்தி இழை விழுந்திருந்தது. ஆய்வுக் கட்டுரைக்கு அந்த ஓரத்தை வெட்டிவிடச் சொன்னார் இங்ரிட். வெட்டிக் கொடுத்தேன். இங்கே ஸ்வீடனில் என் மேசைக்கு எதிரே நான் ஒட்டியிருப்பது வெட்டாத படம்: கிரீன்லாந்து ஓட்டின் உடைந்த விளிம்பின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, அடையாறுத் தரைத்துணியின் ஒற்றை நூல்.